ஓநாய்க்குக் காவல் இருந்த புதன்கிழமை

அயர்லாந்தில் சில குடும்பத்து ஆட்கள் ஓநாயாகப் போவார்களாம். உடம்பு வீட்டில் படுத்துக் கிடக்கும். உயிர் மட்டும் ஓநாயாகிக் காட்டில் திரியும். திரும்பி வரும்வரை அந்த உடம்பை யாரும் அசைக்கக் கூடாது. அசைத்தால் அவர் கடைசிவரை ஓநாய்தான். பள்ளி நூலகத்தில் எடுத்த பிரெஞ்சுப் புத்தகம் இப்படிச் சொன்னது. எனக்கு ஒன்பது வயது. படித்ததையெல்லாம் நம்புகிற வயது. பொய்யும் நன்றாக வருகிற வயது.

பாரிஸில், லா சப்பலில் எங்கள் ஒற்றை அறை வீட்டின் சோபாவில்தான் மாமா, அம்மாவின் தம்பி, படுப்பார். யுத்தம் முடிந்த வருடம் வந்து சேர்ந்தவர். மாமியும் கைக்குழந்தையும் வவுனியா முகாமில். மாமாவுக்கு விசா கிடைத்தால்தான் அவர்களைக் கூப்பிடலாம். இரவெல்லாம் ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவிவிட்டு விடியத்தான் வருவார். பகலில் தூங்கும்போது கால்கள் உதறும், தொண்டைக்குள் உறுமல் கேட்கும். எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

அந்தப் புதன்கிழமை எனக்குப் பள்ளி இல்லை. அம்மா வேலைக்குப் போயிருந்தார். மூன்று மணிக்கு மாமாவின் அகதி விண்ணப்ப நேர்காணல் என்று சொல்லியிருந்தார். எனக்கு அது பல் டாக்டரிடம் போவதுபோல, இன்று இல்லாவிட்டால் நாளைக்கு. ஒரு மணிக்கு மாமாவின் கைத்தொலைபேசியில் அலாரம் அடித்தது. மாமாவின் கால்கள் அப்போதுதான் பலமாக உதறிக்கொண்டிருந்தன. திடுக்கிட்டு அசைந்தால் உயிர் வழி தவறிவிடும் என்று பயந்து, பாய்ந்து போய் அலாரத்தை நிறுத்தினேன். பிறகு புத்தகத்தோடு பக்கத்தில் காவல் இருந்தேன். என்ன பெருமை எனக்கு!

நாலரைக்கு அவர் தானாக எழுந்தார். மணியைப் பார்த்ததும் தலையில் கை வைத்து அப்படியே இருந்துவிட்டார்.

“பிள்ளை, அலாரம் அடிக்கேல்லையே?”

அவர் முகத்தைப் பார்த்ததும் என் ஓநாய் புத்தகத்துக்குள் ஓடி ஒளிந்துகொண்டது.

“அடிச்சது மாமா. நீங்கள்தான் நித்திரையிலை நிப்பாட்டினனீங்கள்.”

அவர் உடனே நம்பினார். அதுதான் எனக்கு இன்றும் தாங்கவில்லை. அம்மா வந்து, “மனிசியும் பிள்ளையும் முகாமிலை கிடக்க உனக்கு நித்திரை கேக்குதோ?” என்று கத்தியபோது, “என்ரை பிழைதான் அக்கா” என்றார். நான் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

விண்ணப்பம் தள்ளுபடியானது. மேல்முறையீடு, மறு விண்ணப்பம் என்று இழுபட்டு, மாமியும் மகளும் வந்து சேர ஏழு வருடம் ஆயிற்று. அந்தக் கைக்குழந்தை விமான நிலையத்தில் மாமாவைக் கண்டு மாமிக்குப் பின்னால் ஒளிந்தாள்.

இப்போது அவர்கள் பாரிஸுக்கு வெளியே ஸ்தேனில் இருக்கிறார்கள். போன மாதம் போயிருந்தேன். மாமாவின் தொலைபேசி குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே இருந்தது. ஏன் அங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“கிட்ட வைச்சால் நிப்பாட்டிப்போடுவன். நித்திரையிலை நான் என்ன செய்வனெண்டு எனக்கே தெரியாது பிள்ளை.”

சொல்லிவிட வாய் திறந்தேன். மாமி தேநீர் கொண்டு வந்தார். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அன்று அந்த உடம்பை நன்றாகத்தான் காத்தேன். அதற்குள் இருந்த மனிதர் தன்னையே நம்பாமல் போக என் ஒரு பொய் போதும் என்று ஒன்பது வயதில் தெரியவில்லை.