மாங்காட்டுக்கு ஆறு வெள்ளி

எங்கள் வீட்டில் யாருக்கு என்ன வந்தாலும் அம்மா முதலில் மாங்காட்டு அம்மனிடம்தான் போய்ச் சொல்லுவாள். டாக்டரெல்லாம் அப்புறம். நான் மூன்றாவது படித்த வருஷம் வந்தது அக்காவின் கால்வலி.

அக்கா எண்ணூறு மீட்டர் ஓடுவாள். விடிந்தும் விடியாமலும் அயனம்பாக்கம் ஏரிக்கரையில் அவள் ஓட, அப்பா சைக்கிளில் பின்னாலேயே போவார். பாடி ஃபாக்டரியில் நாளெல்லாம் மெஷினோடு மல்லுக்கட்டிவிட்டு உம்மென்று வீடு திரும்பும் மனுஷர், மகள் ஓடுவதைப் பார்க்கும்போது மட்டும் பல் தெரியச் சிரிப்பார். மாநில அணியில் எடுத்துவிட்டால் விளையாட்டு விடுதியில் இடம், அப்புறம் காலேஜ், அப்புறம் ரயில்வே வேலை என்று எங்கள் குடும்பமே அவளுடைய இரண்டு கால்களை நம்பி இருந்தது. அதில் ஒரு கால், முழங்காலுக்குக் கீழே எலும்பில் லேசாகக் கீறல் விட்டிருந்தது.

கோச் சார் வீட்டுக்கே வந்தார். "ஆறு வாரம் ஓடவே கூடாதும்மா. முழு ரெஸ்ட்டு. பெரிய பெரிய பிளேயருங்க எல்லாம் ரெஸ்ட்டையும் பிராக்டிஸ் மாதிரிதான் எடுக்கறாங்க. ஓடறதுக்கு நெறைய பேருக்குத் தெரியும். எப்ப நிக்கணும்னு தெரிஞ்சவங்கதான் மேல போறாங்க."

அம்மாவின் காதில் விழுந்தது ஆறு வாரம் மட்டும்தான். மாங்காட்டிலும் வேண்டுதல் ஆறு வாரம். வாராவாரம் இரண்டு எலுமிச்சம்பழம் கொண்டுபோய்க் கொடுத்து, ஒன்றைத் திரும்ப வாங்கி வந்து வீட்டில் வைக்க வேண்டும். கோச் வாயால் அம்மனே கூப்பிட்டுவிட்டாள் என்று அம்மாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பஸ்ஸில் போனால் ஆகாது, மகளோடு வெறுங்காலில் நடந்தே வருகிறேன் என்று நின்ற இடத்திலேயே வேண்டிக்கொண்டாள்.

"சார் ரெஸ்ட்டுன்னாரேம்மா" என்றாள் அக்கா.

"ஓடத்தான வாணான்னாரு? நடக்கறதுக்கு இன்னா?" என்றார் அப்பா. எங்கள் வீட்டில் நடப்பதை ஒரு வேலையாக யாரும் நினைத்ததே இல்லை.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் கிளம்புவோம். வேலப்பன்சாவடி, குமணன்சாவடி என்று லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடை. திரும்பி வரத்தான் பஸ். எனக்கோ ஒரே கொண்டாட்டம். நான் கையைப் பிடித்தாலே உதறிவிட்டு முன்னால் ஓடுகிற அக்கா, அந்த வெள்ளிக்கிழமைகளில் மட்டும் என் தோளில் கை போட்டுக்கொண்டு மெதுவாக வந்தாள். வகுப்பில் ஒருத்தி விடாமல் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

"வலிக்குதாடி?" என்று அம்மா திரும்பிக் கேட்பாள். அவளுடைய குதிகால் வெடித்து ரத்தம் கசிந்துகொண்டிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே அக்கா, "இல்லம்மா" என்பாள்.

மாநில அணித் தேர்வு நாளில் இரண்டாவது சுற்று வளைவு வரைக்கும் அக்காதான் முன்னால் இருந்தாள். அப்புறம் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கோச் சார் ஓடிப்போய் அவள் ஷூவைக் கழற்றினார். நாங்களும் பின்னாலேயே ஓடினோம்.

"ரெஸ்ட்டு எடுத்தியாம்மா?"

கும்பிட்ட கையைப் பிரிக்காமல் நின்ற அம்மாவை அக்கா ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்.

"எடுத்தேன் சார்."

அதோடு ஓட்டம் முடிந்தது. யார் கண்ணோ பட்டுவிட்டது என்றுதான் அம்மா இன்றுவரை சொல்கிறாள். அக்கா ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை. டிவியில் யாராவது பெரிய வீராங்கனை பயிற்சியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மட்டும் எழுந்து சமையற்கட்டுக்குப் போய்விடுகிறாள். பாவம், அதற்குமேல் அவளால் என்ன செய்ய முடியும்?

அன்றைக்கு நானும் அழுதேன். என் அழுகை வேறு. இனிமேல் மாங்காட்டு நடை இல்லை, அக்கா என் தோளில் கை போட மாட்டாள் என்று அழுதேன். வாரத்துக்கு வாரம் அந்தக் கை கனத்துக்கொண்டே வந்ததை, அவளுக்கு என்மேல் பாசம் கூடிக்கொண்டே வருகிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.