லேசாக வந்து போன அம்மை

யுத்தம் முடிந்த வருஷம் உடையார்பாளையத்தில் என் அண்ணனுக்குப் பெரியம்மை கண்டது. உறவினர் யாரும் கிட்டே வராததால், பார்த்துக்கொள்ளக் கூலிக்கு ஒருவரை அழைத்து வந்தோம். மூக்கில் மட்டும் நாலைந்து தழும்புகள் உள்ள மனிதர். சீழ் துடைத்த கையை வேட்டியில் தேய்த்துவிட்டு, அண்ணன் மிச்சம் வைத்த கஞ்சியை எடுத்துக் குடிப்பார். ஒருநாள் பொறுக்காமல் சொல்லிவிட்டேன்.

“கையையாவது கழுவிட்டுக் குடிங்களேன்.”

“சின்ன வயசுல எனக்கு லேசா வந்து போயிருச்சுங்க. இனிமே அண்டாது.”

“அது எத்தன வருசம் தாங்கும்?”

“அது யாருக்குங்க தெரியும்?” என்று சொல்லி விரலை நக்கினார்.

அண்ணன் பிழைத்துக்கொண்டார். அடுத்த கோடையில், ஆண்டிமடத்தில் அம்மை கண்ட வீட்டுக்குக் கூலிக்குப் போன இடத்தில், அந்த மனிதர் அதே நோயில் இறந்துபோனார். எத்தனை வருஷம் தாங்கும் என்று தெரியாது எனத் தன் வாயால் சொன்னவர் பிறகும் எப்படி வீடு வீடாகப் போனார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.