மகனுக்கு விட்ட இடம்

குடும்பப் படம் எடுப்பதற்காக ஐம்பத்தாறாவது வயதில் மீசைக்குக் கறுப்பு மை பூசிக்கொண்டு மனைவியோடு கொழும்பு வெள்ளவத்தை ஸ்டூடியோ ஒன்றுக்குப் போனவன் நான். கனடாவிலிருக்கும் மகனை வேறொரு படத்திலிருந்து வெட்டி எங்கள் நடுவில் ஒட்டச் சொல்லியிருந்தேன். வெளிநாட்டில் பிள்ளை உள்ள எல்லா வீட்டிலும் செய்வதுதான்.

படப்பிடிப்பாளர் மெலிந்தவர். ஜப்பானுக்கு இரண்டு முறை போய்வந்தவர். சுவர் முழுக்க அவர் அங்கே எடுத்த கியோட்டோக் கோயில் படங்கள். ஒவ்வொரு முறையும் கமெராவை அழுத்துமுன் எங்களை நோக்கி இடுப்பு வரை குனிந்து வணங்கினார்.

வந்த படத்தில் எனக்கும் மனைவிக்கும் நடுவே ஓராள் அகலத்துக்கு வெறும் சுவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“மகன் எங்கை?”

“ஒட்டமாட்டன், அண்ணை. ஜப்பான்காரர் வெறுமையான இடத்துக்கும் மதிப்புக் குடுப்பினம்.”

“இது ஜப்பான் இல்லை, வெள்ளவத்தை! தாய்க்குப் பிள்ளையைப் பாக்கவேணும். ஒட்டும்!”

இம்முறை அவர் குனியவில்லை, கத்தினார். “என்ர அம்மா செத்த நேரம் நான் ஜப்பானில பூக்களைப் படமெடுத்துக்கொண்டு நிண்டனான். செத்தவீட்டுப் படத்தில, பெட்டிக்குப் பக்கத்தில என்னை ஒட்டி வச்சிருக்கினம். அதில நான் சிரிச்சுக்கொண்டு நிக்கிறன், அண்ணை!”

படத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவர்மேல் இன்னும் கோபம்தான். ஆனால் வேறு ஸ்டூடியோவில் கொடுத்து ஒட்டவும் ஏனோ கை வரவில்லை.

மனைவி அந்த வெறும் இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

“இதில ஆர் நிக்கிறான் எண்டு எனக்குத் தெரியுமப்பா. பக்கத்தில நிக்கிற கறுப்பு மீசைக்காரன்தான் ஆரெண்டு விளங்கேல்லை.”