சித்தப்பாவோடு பலூன் பந்தயம்

கல்குவாரி நின்றுபோன அந்தக் கோடையில், சித்தப்பாவின் ஊரில் ஒருவருக்கும் உடம்புக்கு வரவில்லை. வாலாஜாபாத்துக்கு அப்பால் இருந்த அந்த ஊரில் வேலை மும்முரமாக நடந்த காலத்தில், கல் உடைக்கிற ஆண்கள் வாரம் தவறாமல் ஆஸ்பத்திரி வாசலில் இருமிக்கொண்டு வரிசையில் நிற்பார்களாம். மெட்ராஸில் கட்டட வேலைகள் படுத்துவிட்டன, ஜல்லி லாரிகள் வருவது நின்றது, கிரஷர் ஊமையானது. அந்த வரிசையும் கலைந்துபோனது. தூசி அடங்கியதால் ஊருக்கே குணமாகிவிட்டது என்று நான் முடிவு செய்தேன். எட்டு வயதில் எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு காரணம் இருந்தது.

பிழைக்க வழி தேடிச் சித்தப்பாவும் சித்தியும் எங்களிடம் வந்தார்கள். சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டில் பாதி இடம், அப்பா கூலிக்கு நெய்த தறிக்கு, மீதிதான் எங்களுக்கு. அந்த மீதிக்குள் ஒரு டிரங்குப் பெட்டியோடு இருவரும் புகுந்துகொண்டார்கள். சித்தப்பாவுக்கு அகலமான தோள், கதவருகில் சற்றுத் திரும்பித்தான் உள்ளே வருவார். சித்திரை முடிவதற்குள் நேராகவே நுழைய ஆரம்பித்தார். பழகிவிட்டார் என்று நினைத்தேன்.

இருமல் வந்தால் அவர் வீட்டில் இருக்கமாட்டார். எழுந்து தெருக்கோடி வரை போய், அங்கே இருமித் தீர்த்துவிட்டு, ஒன்றுமே நடக்காதவர் போல மீசையைத் துடைத்துக்கொண்டு வருவார். பீடி பிடிக்கத்தான் போகிறார் என்று அம்மாவிடம் கோள் சொன்னேன். அம்மா அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குப் பெரிய ஏமாற்றம்.

சித்திதான் விடாமல் நச்சரிப்பாள். "பெரிய ஆஸ்பத்திரி இங்கதான இருக்குது. ஒரு எட்டு போய்க் காட்டிக்கினு வந்தா இன்னா?"

"குவாரி தெறக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம். இந்த வாட்டி பாதிப் பேரைத்தான் எடுப்பாங்களாம். இருமுறவன ஏன் எடுக்குறான் மேஸ்திரி? நான் அங்க நிக்கறத நம்ம ஊர்க்காரன் ஒருத்தன் பாத்தாப் போதும், முடிஞ்சிது."

இதெல்லாம் என் காதிலும் விழுந்தது. தரையில் சோழி ஆடிக்கொண்டிருந்தேன். காதில் விழுவதும் உள்ளே போவதும் ஒன்றல்ல என்பது அந்த வயதுக்குத் தெரியாது.

வைகாசி வந்தது. பெருமாள் கருடன்மேல் ஏறி வருகிற நாளுக்கு ஊரே உடம்பைச் சுருக்கிக்கொண்டு கூட்டத்துக்கு இடம்விடும். அன்றைக்கு விற்பதற்காகச் சித்தப்பா பலூன் பாக்கெட்டுகளும் ஒரு மூங்கில் கம்பும் வாங்கிவந்தார். பொழுது விடிந்ததும் சந்நிதித் தெரு முனையில் எங்கள் கடை. கடை என்றால் சித்தப்பா, சித்தி, நான், கம்பு.

"பாப்பா, பந்தயம் வச்சிக்கலாமா? யாருது பெருசுன்னு பாப்போம்."

நான் கன்னம் வீங்க ஊதினேன். என்னுடையது பூசணிக்காய், அவருடையது கத்தரிப்பிஞ்சு. "அட, தோத்துட்டேன்பா" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். இன்னொன்று ஊதினேன், அதிலும் தோற்றார். பிறகு அவர் ஊதவே இல்லை. நான் ஊத ஊத, வாயில் நூலைக் கடித்து முடிச்சுப் போட்டுக் கம்பில் கட்டினார். மற்ற வியாபாரிகள் தொண்டை கிழியக் கூவினார்கள். இவர் விரலை நனைத்துப் பலூனில் தேய்த்து ஒரு கிறீச்சொலி எழுப்புவார். கூட்டத்தில் எங்கே இருந்தாலும் குழந்தைகளின் தலை திரும்பும். அந்தக் காலையில் உலகத்திலேயே சமர்த்தான ஆள் அவர்தான், அவரையே ஜெயித்தவள் நான். தலை சுற்றியது. பெருமையால்தான் சுற்றுகிறது என்று நினைத்தேன்.

வெயில் ஏறியபோது குவாரி மேஸ்திரி வந்தார், தோளில் பேத்தியை உட்காரவைத்துக்கொண்டு.

"இன்னாபா, பலூன் ஏவாரமா? உடம்பு எப்பிடிக்குது?"

"ஜம்முனு இருக்குது மேஸ்திரி."

"வர்ற திங்கக்கெழம தெறக்குறோம். ஆளுங்க பேரு எழுதிக்கினு இருக்கேன்."

சித்தி கையிலிருந்த தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றாள். யாரும் என்னைக் கேட்கவில்லை. ஆனால் ஒரு காலை முழுக்க ஜெயித்தவள் எப்படிச் சும்மா இருப்பாள்?

"இத்தினியும் நான்தான் ஊதினேன். எங்க சித்தப்பாவுக்கு ஒண்ணுகூட ஊத வரல. என்னாண்ட தோத்துட்டாரு."

மேஸ்திரி சிரித்தார். சிரிப்பு முடிந்த பிறகும் சித்தப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "கொழந்தையாண்டயா தோத்த? எங்க, எம் பேத்திக்கு ஒண்ணு ஊதிக் குடு பாப்போம்."

சித்தப்பா ஒரு சிவப்புப் பலூனை எடுத்தார். இழுத்து இழுத்துப் பார்த்தார். வாயில் வைத்தார். எலுமிச்சம்பழம் அளவுக்கு வந்தது, அங்கேயே நின்றது. கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு இருமல் வந்தது. தெருக்கோடிக்குப் போக வழியில்லை, நாலு பக்கமும் ஜனம். அங்கேயே குனிந்து இருமினார். சாமி வருகிற மேளம் கேட்டது. அந்த மேளத்துக்கு மேலும் அது கேட்டது.

நான் கைதட்டினேன்.

மேஸ்திரி, நான் ஊதிய பலூன் ஒன்றைப் பேத்திக்கு வாங்கிக்கொண்டார். "வெய்யில்ல நிக்காதபா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் கூட்டத்தோடு போனார். அவரும் கெட்டவர் இல்லை.

மறுநாள் காலையில் சித்தி, சித்தப்பாவின் சட்டையைக் கொண்டுவந்து அவர் மடியில் போட்டாள். "இனிமே யாருக்கு மறைக்கணும்? எழுந்து வா."

அந்தத் திங்கட்கிழமை குவாரிக்குப் போனவர்களில் சிலரைப் பிற்பாடு அதே ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். சித்தப்பா மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, எங்கள் வீட்டில் நூல் சுற்றிக்கொண்டு, நான் கல்யாணமாகிப் போகிறவரை இருந்தார். என் வாய் அவர் பிழைப்பைக் கெடுத்ததா, அவரையே பிழைக்கவைத்ததா? எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் வேறு பதில் வருகிறது. அவரைக் கேட்டிருக்கலாம். அவர் ஒருநாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, எனக்கும் துணிச்சல் வரவில்லை.

சித்தி அவரை எழுப்பிக் கூட்டிப்போன அன்றைக்கு, ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போயிருந்தேன். டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்த இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சித்தப்பா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சித்தப்பா, தோத்துட்டோம்னு கோவமா?"

"பின்ன? உன்னாண்ட தோத்துட்டு ஊர்ல எப்பிடிம்மா தலகாட்டுவேன்?"

எனக்குப் பாவமாக இருந்தது. அடுத்த கருட சேவைக்கு நான் மெள்ள ஊதுகிறேன், நீயே ஜெயித்துக்கொள் என்று அவர் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். சித்தி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். தோள் குலுங்கியது. சிரிப்பை அடக்குகிறாள் என்று நினைத்து, அவளுக்கும் நன்றாகக் கேட்கட்டும் என்று இன்னும் உரக்கச் சொன்னேன்.