வெயிலில் வைத்த கண்ணாடிக் குண்டு

துபாயிலிருந்து வந்த என் கணவர், உள்ளே பூக்கள் பதித்த கண்ணாடி பேப்பர் வெயிட் ஒன்று கொண்டுவந்தார். வெனிஸ் நகரத்துப் பழைய பொருள் என்று சொல்லி விற்றார்களாம். நிஜமாகவே பழையது என்றால் அடிப்பாகத்தில் தேய்ந்த கீறல்கள் இருக்கும் என்று படித்திருந்தேன். சாரல் விட்டு வெயில் அடித்த ஒரு காலையில், அதைப் படம் எடுக்க, ஜன்னலோரம் எங்கள் குழந்தை தூங்கிக்கொண்டிருந்த மெத்தையிலேயே வைத்தேன். போனை எடுக்க அடுக்களைக்குப் போனவள், மாமியாரிடம் பேசியபடி நின்றுவிட்டேன்.

"ஏட்டி, என்னமோ கருகுத வாடை வருதே. அடுப்புல ஒண்ணும் இல்லியே" என்றார் மாமி.

ஓடினேன். மெத்தையிலிருந்து புகை எழுந்துகொண்டிருந்தது. ஒரு சாண் தள்ளி, குழந்தையின் கால். பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு, மெத்தையில் தண்ணீரை ஊற்றினேன். கண்ணாடி வெயிலை ஒரே இடத்தில் குவித்துப் பஞ்சைச் சுட்டிருக்கிறது.

அது எந்தக் காலத்தது என்று இன்னும் தெரியவில்லை. துணியில் சுற்றி பீரோவுக்குள் வைத்திருக்கிறேன். எடுத்துப் பார்ப்பதானால், ஜன்னலைச் சாத்திவிட்டு டியூப்லைட் வெளிச்சத்தில்தான்.