அக்காவுக்குப் பூக்கட்டிப் பார்த்த நாள்

பிள்ளையார் இருக்கிறாரா இல்லையா என்று யாராவது என்னிடம் கேட்டிருந்தால், பதினாறு வயது வரைக்கும் கேட்டவரைப் பரிதாபமாகத்தான் பார்த்திருப்பேன். பிள்ளையார் வேலை செய்ததை என் கண்ணால் கண்டவள் நான். விசுவமடுவில் எங்கள் வயலை அடுத்திருந்த குளக்கட்டுப் பிள்ளையார் கோவிலில், எனக்கு ஏழு வயதாக இருந்தபோது, என் உள்ளங்கையில் வைத்தே அதைச் செய்து காட்டினார்.

அந்த வருடம், பதினோராம் வகுப்பை முடித்திருந்த அக்காவின் சாதாரண தரப் பரீட்சை முடிவு வந்திருந்தது. ஒன்பது பாடத்திலும் ஏ. முடிவு கொஞ்சம் சுமாராக வந்திருந்தால் எங்கள் வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருந்திருப்பார்கள். கிடைத்த பாடத்தைப் படி என்று விட்டிருப்பார்கள். இவ்வளவு நன்றாக வந்துவிட்டதால், பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் உயர்தர வகுப்பில் அக்கா எந்தப் பிரிவில் சேர்வது என்பது ஊர்ப் பிரச்சினை ஆகிவிட்டது.

அப்பாவுக்கு இதில் யோசிக்க எதுவுமே இருக்கவில்லை. உயிரியல், பிறகு டொக்டர். அவருக்கு நெடுநாளாக முழங்கால் வருத்தம் இருந்தது. வயலிலிருந்து வந்தால் காலை நீட்டிக்கொண்டு அனுங்குவார். ஆஸ்பத்திரிக்குப் போங்கோ என்று அம்மா சொன்னால் மட்டும் எழும்பமாட்டார். "மூத்தவள் படிச்சு வரட்டும். அவளே பாக்கட்டும்" என்பார். சந்திக் கடைக்காரர் ஒரு படி மேலே போய், சீனி வாங்கப் போன அக்காவிடம் நாக்கை நீட்டிக் காட்டி, இது என்ன வருத்தமாக இருக்கும் என்று கேட்டார். அக்கா சீனியை மறந்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

மாமாவின் கட்சி வேறு. அவர் அம்மாவின் அண்ணன். முல்லைத்தீவில் ஒரு கந்தோரில் எழுத்து வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டர்சைக்கிளில் வந்து, எங்கள் வீட்டின் ஒரே நல்ல கதிரையில் அமர்ந்து உலக விவகாரம் பேசுவார். உயர்தரத்தில் கணிதம் படித்தவர். மூன்று முறை பரீட்சை எழுதி மூன்று முறையும் வாய்க்காததில் கணிதத்தின்மீது அவருக்கு அளவுகடந்த மரியாதை. அக்கா கணிதம் படித்து இஞ்சினியராக வரவேண்டும் என்பதில் கடுகளவும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

அக்காவை ஒருவரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ஆனால் அவளுக்கு எது பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். ஏழு வயதுப் பிள்ளையின் சாட்சியை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அதற்கு முந்தைய கோடைச் சிறுபோகத்தில், தண்ணீர் இறைக்கும் மிசின் நின்றுபோனது. மிளகாய்க் கன்றுகள் தலை தொங்கிக் கிடந்தன. அப்பா கயிற்றை இழுத்து இழுத்துக் களைத்து, மிசினை ஏசினார், அதைச் செய்த நாட்டை ஏசினார், கிளிநொச்சிக்கு ஏற்றிக்கொண்டு போக லான்ட்மாஸ்டர் வண்டி பிடித்துவரப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் அக்கா அதைக் கழற்றிச் சாக்கின்மேல் பரப்பிவிட்டாள். ஒவ்வொன்றாக மண்ணெண்ணெயில் கழுவி, ஊதி, சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். மயிரிழை அளவான ஒரு துவாரத்துக்குள் கம்பி நுழைத்துக் குத்தினாள். பிறகு எல்லாவற்றையும் பூட்டி, கயிற்றை ஒரே இழுவை இழுத்தாள். மிசின் கத்திக்கொண்டு எழும்பியது. குழாயிலிருந்து தண்ணீர் பாய்ந்து வந்து என் கால்களை நனைத்தது. செத்துப்போன ஒன்றை அக்கா எழுப்பிவிட்டாள் என்று நான் வாயைப் பிளந்து நின்றேன். அப்பாவும் சந்தோசப்பட்டார். அந்தச் சந்தோசத்தில் அவர் சொன்னது, "பாத்தியே, ஒப்பரேசன் செய்யிற கை!" என்பது.

முடிவு வந்த அடுத்த கிழமை, அக்காவின் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு ரீச்சர் ஸ்கூட்டியில் வந்தார். பிள்ளைகள் அடுத்து என்ன படிக்கலாம், படித்தால் என்ன வேலைக்குப் போகலாம் என்று வழிகாட்டுவதுதான் பள்ளிக்கூடத்தில் அவருடைய பொறுப்பு. ஓலைத்தொப்பியும் வெயிலில் கறுத்த முகமுமாக, வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை. மாமா தன் கதிரையை விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. அதுவே அவருக்கு நல்ல சகுனமாகப் படவில்லை.

"பிள்ளைக்கு என்ன விருப்பம்?" என்று ரீச்சர் அக்காவைக் கேட்டார்.

"அவாக்கு டொக்டர்தான் விருப்பம்" என்றார் அப்பா.

"ஆர் சொன்னது? இஞ்சினியர்" என்றார் மாமா.

ரீச்சர் இருவரையும் பார்த்துச் சிரித்துவிட்டு, அக்காவின் விரல்களைப் பார்த்தார். நகத்துக்குள் எப்போதும் போல் கிறீஸ் கறுப்பு. அது எங்கேயிருந்து வந்தது என்று கேட்டார். அக்கா முதலில் கையைப் பின்னால் ஒளித்தாள். பிறகு மிசினின் கதையைச் சொல்லத் தொடங்கினாள். தொடங்கியவள் நிறுத்தவில்லை. அக்கா ஒரே மூச்சில் அவ்வளவு கதைத்ததை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அவள் முடித்தபோது ரீச்சரின் தேநீர் ஆறிப்போயிருந்தது.

தொழினுட்பம் என்று புதிதாக ஒரு பிரிவு வந்திருக்கிறது, அடுத்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அதற்கென்று கட்டடமும் மிசின்களும் இருக்கின்றன, கணிதப் பிரிவைப்போல் தாளில் மட்டும் இல்லாமல் மிசினைத் தொட்டே படிக்கலாம், அதிலிருந்தும் கம்பசுக்குப் போகலாம், வேலையும் இருக்கிறது என்று ரீச்சர் பொறுமையாக விளக்கினார். அப்பாவும் மாமாவும் அந்த மாதத்தில் முதன்முறையாக ஒரே கருத்துக்கு வந்தார்கள்.

"அது பெயிலான பிள்ளையளுக்கு எல்லோ ரீச்சர்!" என்றார் அப்பா.

"ஒன்பது ஏ எடுத்த பிள்ளை கராஜிலை நிக்கிறதோ?" என்றார் மாமா.

ரீச்சர் தன்னால் முடிந்தவரை சொல்லிப் பார்த்தார். அக்கா தலையைக் குனிந்து, நகத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். கடைசியில் ரீச்சர் தொப்பியைப் போட்டுக்கொண்டு எழும்பினார். அம்மா படலை வரைக்கும் கூடப் போனார். நானும் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு போனேன்.

"ஏலாத பாடத்துக்கை தள்ளினால் பிள்ளை படிப்பையே வெறுத்துப்போடும் அம்மா. போன வருசமும் ரெண்டு பிள்ளையள் இடையிலை விட்டிட்டுதுகள்" என்றார் ரீச்சர்.

"அவையளோடை வாதாடேலாது ரீச்சர். நான் பாக்கிறன்" என்றார் அம்மா.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அம்மா எதைப் பார்க்கப் போகிறார்? எங்கள் வீட்டில் அம்மா எந்த விசயத்திலும் அபிப்பிராயம் சொன்னவர் இல்லை. அப்பா பேசினால் ஓம் என்பார், மாமா பேசினாலும் ஓம் என்பார். இருவரும் ஒரே நேரத்தில் பேசினால் அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விடுவார்.

வகுப்பில் சேர வேண்டிய நாள் நெருங்கியது. வீட்டில் சண்டை முற்றி, அப்பாவும் மாமாவும் என்னை நடுவில் வைத்துப் பேசிக்கொள்ளும் நிலைக்கு வந்தார்கள். "உன்ரை மாமாவிட்டைச் சொல்லு" என்று அப்பா சொல்வார். மாமா இரண்டு முழத் தூரத்தில்தான் இருப்பார். அக்கா சாப்பாட்டைக் குறைத்துவிட்டாள். பொழுதுபட்டால் மிசின் கொட்டிலுக்குள் போய்ச் சும்மா இருந்தாள். போய்க் கூப்பிட்டேன். "உயிரியலெண்டால் தவளை வெட்டவேணும். எனக்கு ஏலாது" என்று எனக்கு மட்டும் சொன்னாள். கணிதம் என்றால் என்ன வெட்டவேண்டும் என்று கேட்டேன். அவள் அழத் தொடங்கிவிட்டாள்.

அப்போதுதான் அப்பா, பூக்கட்டிப் பார்ப்போம் என்றார். கலியாணமோ காணியோ, தீராத யோசனை எதுவானாலும் எங்கள் பக்கத்தில் செய்வதுதான். இரண்டு நிறப் பூக்களைத் தனித்தனி இலையில் பொட்டலமாகச் சுற்றி, பிள்ளையாரின் காலடியில் வைப்பார்கள். சூதுவாது அறியாத ஒரு குழந்தை ஒன்றை எடுத்து வரவேண்டும். வந்த பூ சொன்னதுதான் முடிவு. பிறகு யாரும் மறுபேச்சுப் பேசக்கூடாது. படித்த மாமா முதலில் சிரித்தார். ஆனால் பிள்ளையாருக்குக் கணிதத்தில் அக்கறை இருக்கும் என்று அவருக்கும் ஒரு நம்பிக்கை இருந்திருக்க வேண்டும், சம்மதித்துவிட்டார். டொக்டருக்கு வெள்ளை நந்தியாவட்டை. இஞ்சினியருக்குச் சிவப்புச் செவ்வரத்தை. பொட்டலத்தை யார் கட்டுவது என்பதில் இன்னொரு சண்டை வரப்பார்த்தது. எந்தப் பக்கமும் சேராதவர் யார் என்று பார்த்து, இருவரும் ஒருமனதாக அம்மாவைத் தெரிந்தெடுத்தார்கள்.

அடுத்த நாள் பின்னேரம் அம்மா குளத்தில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தார். மடியில் ஏதோ கட்டியிருந்தார். என்னம்மா என்று கேட்டேன். "கீரை பிள்ளை" என்றார். அன்று வீட்டில் கீரை சமைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

மறுநாள் காலையில் தலைக்கு வார்த்து, ஆலய தரிசனத்துக்கென்று வைத்திருந்த பாவாடையைக் கட்டிக்கொண்டு கோவிலுக்குப் போனேன். பூசாரி கற்பூரம் காட்டினார். இரண்டு பூவரசமிலைப் பொட்டலங்கள், வாழை நாரால் இறுக்கிக் கட்டியபடி பிள்ளையாரின் காலடியில் இருந்தன. அப்பா கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தார். மாமா கண்ணைத் திறந்துகொண்டே கும்பிட்டார். அக்காவின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. அவளுடைய வாழ்க்கை என் கையில் இருக்கிறது என்று எனக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பூசாரியிடம் நீட்டினேன். நீயே பிரி என்றார்.

நாரை அவிழ்த்தேன். இலை விரிந்தது.

மஞ்சள்.

என் உள்ளங்கையில் ஒரு சின்னக் கொத்துக் கொன்றைப்பூ இருந்தது. வெள்ளையும் இல்லை, சிவப்பும் இல்லை. என் உடம்பெல்லாம் சிலிர்த்தது. இப்போது எழுதும்போதும் சிலிர்க்கிறது. பூசாரி கையை உயர்த்தி "அப்பனே!" என்று கூப்பிட்டார். அப்பா அப்படியே நிலத்தில் விழுந்து கும்பிட்டார், முழங்கால் வருத்தத்தையும் மறந்து.

"ரெண்டும் வேண்டாமெண்டுறார்" என்றார் பூசாரி.

"அப்ப எது வேணுமாம்?" என்று அப்பா நிலத்தில் கிடந்தபடியே கேட்டார்.

அம்மா, யாரையும் பார்க்காமல், "அண்டைக்கு ரீச்சர் மூண்டாவதா ஒண்டு சொன்னவா எல்லோ" என்றார்.

அவ்வளவுதான். ரீச்சர் ஸ்கூட்டியில் வந்து சொன்னபோது எடுபடாத சொல், கோவிலுக்குள் வந்ததும் அருள்வாக்காக மாறிவிட்டது. அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். மாமா மட்டும், மற்றப் பொட்டலத்தையும் ஒருக்கால் பார்ப்போமே என்று கையை நீட்டினார். எடுக்காத பூவைப் பிரித்தால் குடும்பத்துக்கு ஆகாது, அதைக் குளத்தில்தான் விடவேண்டும் என்று பூசாரி பாய்ந்து விழுந்தார். மாமா கையை இழுத்துக்கொண்டார். எல்லோரும் பிள்ளையாரைப் பார்த்துக்கொண்டு நிற்க, அக்கா மட்டும் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அக்காவுக்குப் பக்தி போதாது என்று நினைத்துக்கொண்டேன்.

மற்றப் பொட்டலத்தை அம்மா குளத்துக்குக் கொண்டுபோனார். நான் பின்னாலேயே ஓடினேன். அம்மா அதைத் தண்ணீரில் விட்டதும் நார் நெகிழ்ந்து இலை விரிந்தது. அதற்குள்ளிருந்தும் மஞ்சள் பூ மிதந்து வந்தது. ஒரு பூவை மாற்றினாலே போதும், பிள்ளையார் இரண்டையும் மாற்றியிருக்கிறார்! அம்மா திரும்பி என்னைக் கண்டுவிட்டார். என் தலையைத் தடவி, "கண்டதை ஒருத்தருக்கும் சொல்லாதை. சொன்னால் பலிக்காது" என்றார். எங்களுக்கு மேலே குளக்கட்டில் கொன்றை மரம் பூத்துக் குலுங்கிக்கொண்டிருந்தது. நான் அதை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. பிள்ளையார் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டேன்.

அடுத்த கிழமை அக்கா தொழினுட்பப் பிரிவில் சேர்ந்தாள். முதல் நாள் பின்னேரம் வந்து, அங்கேயிருந்த கடைசல் மிசின் இரும்பைக் கத்தரிக்காய் போலச் சீவுகிறது என்று சொன்னாள். அன்று இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டாள். அப்பா முணுமுணுத்துக்கொண்டே தன் முழங்காலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இன்று அக்கா குளங்களின் துருசுக் கதவுகளையும் பம்புகளையும் பார்க்கும் உத்தியோகத்தில் இருக்கிறாள். 'என்ரை மருமகள்' என்று அவளுடைய படத்தைக் கைப்பேசியில் முதலில் காட்டுகிறவர் மாமாதான்.

நான் வாக்குத் தவறவில்லை. இரட்டை அற்புதத்தை ஒருவருக்கும் சொல்லாமல் வளர்ந்தேன். பரீட்சைக்குப் படித்தேனே தவிர, அடுத்து என்ன செய்வது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. எனக்கு எது நல்லதோ அதைப் பிள்ளையார் தன் பாட்டில் இலைக்குள் வைப்பார். ரீச்சர் என்னையும் வந்து கேட்டார். அவருக்கு ஒரு சிரிப்பை மட்டும் கொடுத்தனுப்பினேன்.

என் முடிவும் வந்தது. வர்த்தகமா கலையா என்று வீடு இரண்டுபட்டது. "எங்கடை வீட்டிலை பிள்ளையார்தான் வழிகாட்டி" என்று அப்பா பெருமையோடு பூக்கட்ட நாள் குறித்தார். அதற்கு முதல் நாள் பின்னேரம் தேநீர் ஊற்றக் குசினிக்குள் போனேன். அம்மா பலகையில் இருந்தார். மடியில் இரண்டு பூவரசமிலைகள். பக்கத்தில் வாழை நார். பூ இன்னும் இல்லை.

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"உனக்கு என்ன நிறம் வேணும்?" என்று கேட்டார்.

பிள்ளையாரே நேரில் வந்து கேட்டிருந்தாலும் நான் அப்படி உறைந்து நின்றிருக்க மாட்டேன். மேலே குலுங்கிய கொன்றையும், வராத கீரையும், அம்மாவைப் பார்த்த அக்காவின் கண்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து என் முன்னால் நின்றன. எங்கள் வீட்டில் எதற்கும் ஓம் என்று மட்டுமே சொல்லும் அம்மா, பதிலுக்காகக் காத்திருந்தார். நான் தேநீரை மறந்து அவருக்கு முன்னால் குந்தினேன்.

"யோசிச்சுச் சொல்லு பிள்ளை. பொழுதுபடுறதுக்கை பூ ஆயவேணும்" என்றார்.