பெயின்ட் மேல் ஒட்டிய கார்பன் துணி

மும்பை செம்பூரில் எங்கள் பழைய வீட்டின் படுக்கையறைச் செங்கல் சுவரில் பெரிய விரிசல் விழுந்தது. சரிசெய்ய வந்த கான்ட்ராக்டர், விரிசலை இழுத்துப் பிடிக்கும் கார்பன் ஃபைபர் துணியைப் பசை தடவிப் பழைய பெயின்ட் மேலேயே ஒட்டினார்.

"பூச்சைக் கொத்தி எடுக்க வேண்டாமா?" என்று கேட்டேன்.

"ஏரோப்ளேனுக்கே இதைத்தான் போடுதாங்க மேடம். உங்களுக்கு என்ன டென்ஷன்?" என்று இளித்தார். என் கணவரும் அந்த மேதையோடு சேர்ந்து சிரித்தார்.

முதல் மழையிலேயே துணி, பூச்சையும் பெயர்த்துக்கொண்டு பாளமாகக் கட்டிலில் விழுந்தது. அங்கே படுத்திருந்த மாமியார் அப்போதுதான் எழுந்து பாத்ரூம் போயிருந்தார்.

கான்ட்ராக்டருக்குப் போன் செய்தால், "பாரிஷ் ஜாஸ்தி மேடம், நான் என்ன செய்ய?" என்றார். பம்பாயில் மழை பெய்யும் என்பது அவருக்கு யாரும் சொல்லாத ரகசியம் போலும்!

வேறு ஆளை வைத்து, பூச்சைக் கொத்தி எடுத்துச் செங்கல் மேலேயே துணியை ஒட்டி முறையாகச் செய்தோம். இப்போதெல்லாம் செங்கல் என் கண்ணில் பட்ட பிறகுதான் யாரையும் பசை டப்பாவைத் திறக்க விடுகிறேன்.

– மீனாட்சி, மும்பை